கதவு என்னும் தேர்வாளர்

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கதவு பூனை மாதிரி வந்து சாத்திக்கொண்டது. திங்கட்கிழமை காலை பத்து மணி அடித்துவிட்டால் கடிநாயாக மாறியது. எண்ணெய் அதே எண்ணெய், வில் அதே வில், திருகு திருப்புளியாரே திருகிவிட்டுப் போன அதே திருகு. பிறகு ஏன் அடிக்கிறது? மூன்று ஞாயிறுகள் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

திருப்புளியார் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். பெரிய கதவுகளின் தலைமாட்டில் ஓர் இரும்புப் பெட்டி இருக்குமே, டோர் க்ளோசர், அதை மாட்டுவதும் பழுதுபார்ப்பதும் அவர் தொழில். அந்தப் பெட்டிக்குள் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு சுருள்வில்லும் கொஞ்சம் எண்ணெயும்தான். கதவைத் திறந்தால் வில் இறுகும். விட்டால் அது விரிந்து கதவைப் படாரென்று சாத்தப் பார்க்கும். ஆனால் எண்ணெய் குறுக்கே நிற்கிறது. ஊசி நுழையும் அளவு துளை வழியாகத்தான் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக முடியும். அது போய் முடிக்கும்வரை வில் காத்திருக்க வேண்டும். துளையைக் கூட்டவும் குறைக்கவும் பக்கவாட்டில் ஒரு திருகு. அவ்வளவுதான்.

"வில்லு அவசரக்காரப் புருஷன், எண்ணெய் நிதானமான பொண்டாட்டி," என்று அவர் தன் மனைவிக்கு விளக்குவார்.

"நம்ம வீட்ல வில்லும் நான்தான், எண்ணெயும் நான்தான். நீங்க வெறும் பொட்டி," என்பாள் அவள்.

அவள் தையல்காரி. கோட்டுகளுக்குக் கையால் பொத்தான் துளை போடுவதில் அந்தத் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. திருப்புளியாருக்குக் கதவுப் புதிர் வெறும் தொழில் கௌரவமாக இருந்தது போன புதன்கிழமை வரைதான். அதற்குப் பிறகு அது அவளுடைய வலது கையின் நான்கு விரல்களாகிவிட்டது. எப்படி என்பதைச் சொல்ல வேண்டுமானால் அலுவலகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குடிமை உணர்வு வளர்ச்சி அலுவலகம் என்று பெயர். கடை வைக்க, வீடு மாற, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, செத்தவரைப் புதைக்க, எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு நற்குடிமைச் சான்று வாங்கியாக வேண்டும். செத்தவர் மட்டும் நேரில் வரத் தேவையில்லை என்று ஒரு சலுகை உண்டு. சான்றுக்குத் தேர்வு இருந்தது. தாள் இல்லை, கேள்வி இல்லை. அலுவலகத்தின் வாசற்கதவுதான் தேர்வு. தெருப் பக்கமாக இழுத்துத் திறந்து உள்ளே நுழைகிறவர், பின்னால் வருகிறவருக்காக அதைப் பிடித்துக்கொள்கிறாரா? பின்னால் வருகிறவர் அடிபடாமல் வந்தால் முன்னால் போனவருக்குக் குடிமை உணர்வு இருக்கிறது. அடிபட்டால் இல்லை. உள்ளே இரண்டு எழுத்தர்கள் மேசை போட்டு உட்கார்ந்து குறித்துக்கொண்டிருந்தார்கள்.

யோசனை மோசம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கதவு அடித்தது. முக்கால் தூரம் நல்ல பிள்ளையாக வரும். மெதுவாகத்தான் வருகிறது என்று நம்பி ஆள் கையை விடுவார். கடைசி ஒரு முழத்தில் அது பாயும். நெற்றி பிளந்தது, மூக்கு உடைந்தது, குதிகால் தோல் உரிந்து தொங்கியது. முதல் வருடம் நானூறு பேர். இத்தனை பேர் அடிபட்டால் இத்தனை பேருக்குக் குடிமை உணர்வு இல்லை என்றுதானே கணக்கு? நோய் இவ்வளவு இருக்கிறதென்றால் கருவி இன்னும் துல்லியமாக இருக்க வேண்டும் என்று மரக்கதவை எடுத்துவிட்டு இரும்புக்கதவு போட்டார்கள். இரண்டாம் வருடம் இரண்டாயிரம் பேர். குடிமை உணர்வு ஒரே வருடத்தில் ஐந்து மடங்கு வீழ்ந்துவிட்டதைக் கண்டு அலுவலகம் கவலையில் ஆழ்ந்தது. அந்தக் கவலையிலிருந்துதான் பண்புப் படை பிறந்தது. அவர்கள் கையில் மூன்று முழப் பிரம்பு ஒன்று இருந்தது. அதைப் பிரம்பு என்று சொல்லக் கூடாது. நினைவூட்டி.

புதன்கிழமை தையல்காரி தன் கடைச் சான்றைப் புதுப்பிக்கப் போனாள். பின்னால் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தடி ஊன்றி வந்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க போங்கம்மா, நான் வந்துக்கறேன்," என்றார் அவர். ஒரு கால் உள்ளே வைத்துவிட்டார், கதவும் சாதுவாகத்தான் நகர்கிறது என்று பார்த்துவிட்டு அவள் கையை எடுத்தாள். அடுத்த நொடி வாத்தியாரின் மூக்கு, முகத்தின் இடது பக்கத்துக்குக் குடிபெயர்ந்தது.

வெள்ளிக்கிழமை விசாரணை. நடுவில் இயக்குநர், இரண்டு பக்கமும் எழுத்தர்கள். வாத்தியார் மூக்கில் கட்டோடு வந்து சாட்சி சொன்னார்.

"அந்தம்மா மேல தப்பு இல்லீங்க. கதவுதான் அடிச்சுது."

"வாத்தியாரே, உங்க பெருந்தன்மைக்குத் தலை வணங்கறேன்," என்றார் இயக்குநர். "ஆனா கதவுக்குக் கை இருக்கா?"

"இல்லீங்க."

"கை இல்லாதது எப்படி அடிக்கும்?"

எழுத்தர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

"என் வீட்டுக்காரர் கதவு ரிப்பேர் பண்றவருங்க," என்றாள் தையல்காரி. "வேலை நாள்ல ஒரு தடவை அதைத் தொட்டுப் பாக்க விடுங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் விட்டா அவருக்கு என்ன தெரியும்?"

மூத்த எழுத்தர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "வேலை நாள்ல அது கதவு இல்லம்மா, தேர்வாளர். தேர்வு நடக்கறப்போ தேர்வாளர் மண்டையில திருப்புளியை விட்டுத் திருகுவாங்களா? உங்க வீட்டுக்காரரை அப்படிப் பண்ணச் சொல்வீங்களா?"

"சொல்வேன்," என்றாள் அவள். அதுவும் குறிக்கப்பட்டது.

பிறகு இயக்குநர் எழுந்தார். அவர் குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கும்.

"தண்டனைங்கற சொல்லையே போன வருஷம் எடுத்துட்டோம்மா. இது நம்பிக்கை நிகழ்ச்சி. திங்கக்கிழமை பத்துல இருந்து பன்னெண்டு வரைக்கும் கதவு நிலையில உங்க வலது கை விரல் நாலும் இருக்கும். குடிமக்கள் வருவாங்க, போவாங்க. அவங்களுக்குக் குடிமை உணர்வு இருந்தா கதவைப் பிடிப்பாங்க, விரல் பத்திரமா இருக்கும். நம்ம மக்கள் மேல உங்களுக்கு நம்பிக்கை இல்லையா? இல்லன்னா, அதுதான் உங்க நோயே."

திருப்புளியார் கும்பிட்டபடி முன்னால் வந்தார். "ஐயா, அவ தையல்காரி. விரல் போச்சுன்னா பொழப்பே போச்சு."

"தையல்காரிக்கு விரல் முக்கியம்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சதாலதான் விரல். பாடகரா இருந்தா தொண்டையில்ல கேட்டிருப்பேன்? முக்கியமில்லாததை நம்பி ஒப்படைக்கறது ஒரு நம்பிக்கையா?"

திருப்புளியார் மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது அவருக்கு நினைவூட்டப்பட்டது. ஒரே ஒரு நினைவூட்டல். இடது காது ஒரு வாரத்துக்குக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் அலுவலகத்துக்குப் போனார். புதுப் பெட்டி, புது எண்ணெய். வில்லின் இழுப்பைக் கடைசி அளவுக்குத் தளர்த்தினார். துளையை மயிரிழைக்குக் குறைத்தார். பிறகு கதவு நிலையில், நாளைக்கு விரல்கள் இருக்கப்போகும் இடத்தில், ஒரு கோழிமுட்டையைக் களிமண்ணால் ஒட்டிவைத்துக் கதவை விட்டார். கதவு வந்தது, வந்தது, முட்டையைத் தொட்டு நின்றது. நாற்பது தடவை செய்தார். முட்டையில் கீறல் இல்லை.

வாயிற்காவலர் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நாளைக்கும் முட்டைதான் வைக்கறாங்களா?"

"வாயை மூடு."

"கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கிழமை இதை நம்பலாம், நான் இல்லன்னு சொல்லலை. திங்கக்கிழமை வந்தா இதுக்கு யாரோ சாமி வந்த மாதிரி ஆயிடுதுண்ணே."

யாரோ வந்த மாதிரி. திருப்புளியார் வேலை நாள்களில் வேறு யாரெல்லாம் வருகிறார்கள் என்று யோசித்தார். இயக்குநர், எழுத்தர்கள், படை, வரிசை. இவர்களில் யாரும் கதவின் மேல் உட்காரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தார். பெரிய கூடம், மேடை, நாற்காலிகள். தெற்குச் சுவரில் ஆறு கண்ணாடிச் சன்னல்கள். ஆறும் ஆணி அடித்து மூடி, மேலே வாசகங்கள் ஒட்டப்பட்டிருந்தன. வடக்குச் சுவரின் உச்சியில் வண்டிச் சக்கரம் அளவு நான்கு விசிறிகள், காற்றை வெளியே தள்ளுகிற வகை. ஓடவில்லை. ஓடாத விசிறியை யார் கவனிக்கிறார்கள்? அவரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை தையல்காரி ஊசிகளில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மேசையில் வரிசையாக நாற்பது ஊசிகள்.

"இது எதுக்கு?"

"சும்மாதான். இடது கையால தச்சுப் பழகிக்கலாம். கோக்கறதுதான் ஆகாது."

"நான் கோத்துத் தரமாட்டேனா?"

"நீங்க கோத்தா ஊசிக்குத்தான் காது கிழியும்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள். பிறகு வலது கையைத் தூக்கி, யாரோ கொடுத்துவைத்த பொருள் மாதிரி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவளுடைய நான்கு விரல்களையும் கதவு நிலையில் வைத்து, மணிக்கட்டை ஒரு பச்சை நாடாவால் நிலையோடு கட்டினார்கள். அச்சத்தில் கையை இழுத்துக்கொண்டால் அது சக குடிமக்களுக்கு அவமானம் என்பதால் நாடா. திருப்புளியார் ஓடிப்போய்க் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டார். படையினர் இருவர் அவருடைய முழங்கால்களுக்குப் பின்னால் நினைவூட்டினார்கள். அவர் தரையில் விழுந்தார்.

"நீங்க பிடிக்கக் கூடாதுங்க," என்று படைத்தலைவர் குனிந்து பொறுமையாக விளக்கினார். "நீங்க அவங்க புருஷன். நீங்க பிடிச்சா அது குடும்ப உணர்வு. நாங்க அளக்கறது குடிமை உணர்வு."

வரிசை தெருமுனை வரை நின்றது. பாதிப் பேர் கட்டுகளோடு வந்திருந்தார்கள். அடிபட்டும் முறையிடாதவருக்கு மூன்று மதிப்பெண் என்று ஒரு விதி வந்திருந்தது. அதனால் அடிபடாதவர்களும் கட்டுப் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். அதனால் படையினர் ஒவ்வொரு கட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்கள். அலறாதவர்கள் பொய்யர்கள். அவர்களை ஓரமாகக் கூட்டிப்போய்க் கட்டு உண்மையாகும்வரை அடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

பத்து அடித்தது. உள்ளே மேடையில் இயக்குநர் பேச ஏறினார். கதவு திறந்தது.

முதல் இருபது நிமிடம் உலகம் நல்லதாகத்தான் இருந்தது. ஒருவர் பிடித்தார், அடுத்தவர் வாங்கிக்கொண்டார். அவளிடம் ஒரு பாட்டியம்மாள், "பயப்படாதடி கண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் ஓர் எழுத்தர் வெளியே வந்து, பிறர் விரலுக்காகக் கதவைப் பிடிக்கிறவருக்கு ஐந்து மதிப்பெண் என்று அறிவித்தார். அப்போது பிடி கறிக்கடைக்காரரின் கையில் இருந்தது. பின்னால் நின்றவர் ஒரு காப்பீட்டு ஏஜென்ட், நெற்றியில் கட்டு.

"நீங்க களைச்சிருப்பீங்க. இப்படிக் குடுங்க, நான் பிடிக்கறேன்," என்றார் ஏஜென்ட்.

"எனக்கென்ன களைப்பு? உள்ள போங்க."

"ஒரு பொம்பளைக்கு உதவணும்னு நினைக்கறது தப்பா?"

"நான் மட்டும் என்ன உபத்திரவமா பண்றேன்? கையை எடுய்யா."

"ஒருத்தன் நல்லது பண்ண வந்தா தடுக்கறியே, நீ மனுஷனா?"

"மனுஷனான்னா கேட்ட?" என்று கறிக்கடைக்காரர் தன் நெற்றியால் ஏஜென்டின் வாயில் ஒரு முட்டு முட்டினார். ஒரு பல் தெறித்துத் தையல்காரியின் காலடியில் விழுந்தது. ஏஜென்ட் அவருடைய கட்டைவிரலைக் கடித்துக்கொண்டு தொங்கினார். "விடுங்கடா, நான் பிடிக்கறேன்," என்று மூன்றாமவர் குடையின் முனையால் இருவரையும் குத்தினார். ஐந்து மதிப்பெண் வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. தெருவே உதவி செய்யப் பாய்ந்தது. செங்கல், செருப்பு, ஊன்றுகோல், பல். "விரலைக் காப்பாத்துங்க!" என்று கத்திக்கொண்டே ஒருவன் மற்றொருவனின் விரலைப் பின்னுக்கு வளைத்து ஒடித்தான். படையினர் எல்லாரையும் பாரபட்சம் இல்லாமல் நினைவூட்டினார்கள். இத்தனைக்கும் நடுவில் கதவு இன்னும் கறிக்கடைக்காரரின் இடது கையில்தான் இருந்தது. வலது கையில் ஏஜென்டின் காது இருந்தது. பிடி ரத்தத்தில் வழுக்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க!" என்றாள் தையல்காரி. அவள் அதுவரை அந்தக் குரலில் கூப்பிட்டதில்லை.

தரையில் கிடந்த திருப்புளியார் நிமிர்ந்து பார்த்தார். கதவு முக்கால் பங்கு சாத்தி நின்றது. ஏஜென்டின் நெற்றிக்கட்டு அவிழ்ந்து ஒரு முழம் துணி தொங்கியது. தொங்கியது என்று சொல்ல முடியாது. அது கதவின் இடுக்கு வழியாக உள்நோக்கி, குச்சி போல விறைத்து நீட்டிக்கொண்டு நின்றது. தெருவில் இலை அசையவில்லை. கறிக்கடைக்காரர் கதவைக் கொஞ்சம் அகலத் திறந்தால் துணி தொய்ந்தது. இடுக்கு குறுகினால் விறைத்தது.

அவருக்கு அப்போது உள்ளே இருந்து வந்த இரைச்சல் கேட்டது. கேட்காத காதுக்குக் கூடக் கேட்டது. நான்கு விசிறிகள்.

விஷயம் இதுதான். நான்கு விசிறிகளும் கூடத்துக் காற்றை வெளியே தள்ளுகின்றன. போன காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வர வேண்டும். சன்னல்கள் ஆறும் ஆணியடித்து மூடியிருக்கின்றன. அப்படியானால் காற்று வர இந்தக் கதவை விட்டால் வழி இல்லை. கதவு அகலத் திறந்திருக்கும்போது காற்று சிரமமில்லாமல் நுழைகிறது. சாத்தச் சாத்த வழி குறுகுகிறது, உள்ளிழுப்பு முழுவதும் கதவின் முதுகில் ஏறுகிறது, கடைசி முழத்தில் பத்து ஆள் சேர்ந்து தள்ளுகிற மாதிரி தள்ளுகிறது. பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய் வில்லைத்தான் தடுக்கும். அதற்கு மேல் அழுத்தம் வந்தால் பெட்டி வெடிக்காமல் இருக்க எண்ணெய்க்கு ஒரு தப்பிக்கும் வழி வைத்திருப்பார்கள். எண்ணெய் தப்பித்துவிடும். விரல் தப்பிக்காது. ஞாயிற்றுக்கிழமை விசிறி ஓடாது.

அவர் ரத்தத்தில் தவழ்ந்து, எத்தனையோ கால்களுக்கு நடுவே புகுந்து, கூடத்துக்குள் ஓடினார்.

"ஐயா, விசிறியை நிறுத்துங்க! கையெடுத்துக் கும்பிடறேன், ஒரே நிமிஷம்!"

இயக்குநர் மேடையில் பேச்சை நிறுத்தினார். எதிரே முப்பது பேர் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"விசிறியை நிறுத்தினா எனக்கு வேர்க்கும்," என்றார் இயக்குநர். "வேர்த்துக்கிட்டே குடிமை உணர்வைப் பத்திப் பேசினா அவசரத்துல பேசற மாதிரி தெரியும்."

"அப்ப ஒரு சன்னலையாவது திறங்க!"

"சன்னலா? திறந்துதான் இருந்தது. வெளிய இருக்கற குடிமக்கள் சத்தம் தாங்கல. இங்க நான் அவங்க நலனைப் பத்திப் பேசறேன், அங்க அவங்க கத்தறாங்க. ரெண்டுல எது முக்கியம்னு யோசிச்சுத்தான் ஆணி அடிச்சோம்." அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாருங்க, இதுதான் நான் சொன்னது. தனக்கு ஒண்ணுன்னா பொது ஒழுங்கை மறந்துடறோம்."

திருப்புளியார் வாழ்க்கையில் ஒரு பொருளையும் உடைத்தவரல்லர். உடைந்ததைச் சேர்த்தே பழகியவர். இடுப்பிலிருந்து முழ நீள ஸ்பேனரை உருவினார். தெற்குச் சுவரின் மூன்றாவது சன்னலில் 'பொதுச் சொத்து நம் சொத்து' என்று ஒட்டியிருந்தது. 'நம்' என்ற சொல்லைக் குறிபார்த்து எறிந்தார்.

கண்ணாடி முழுதாக விழுந்தது. தெருக் காற்று ஒரு கூட்டமே ஏறிக் குதித்த மாதிரி உள்ளே வந்தது. இயக்குநரின் தாள்கள் பறந்தன. படையினர் வந்து சேர்ந்தார்கள். முதல் அடி தோளில், இரண்டாவது வாயில், மூன்றாவதற்குப் பிறகு அவர் எண்ணவில்லை. வாசல் பக்கம் நல்ல காதைத் திருப்பிவைத்துக்கொண்டு கிடந்தார். வாசலில் யாரோ விழுந்தார்கள். "ஐயோ, கை விட்டுடுச்சு!" என்று கறிக்கடைக்காரர் கத்தினார். கதவின் கீல் முனகுவது கேட்டது. முனகல் நின்றது.

அலறல் வரவில்லை. அவரை அடித்துக்கொண்டிருந்தவர்கள் கூட நிறுத்திவிட்டுக் கவனித்தார்கள்.

"என்னங்க," என்றது அவள் குரல். "கதவு வந்து கையைத் தொட்டுட்டு நிக்குதுங்க. அப்படியே நிக்குது. நாடாவை அவுக்கச் சொல்லுங்க, அரிக்குது."

அவருக்கு இரண்டு விலா எலும்பும் மூன்று பல்லும் போயின. பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். அந்த ஒரு மாதமும் சன்னலுக்குக் கண்ணாடி வரவில்லை. ஓர் ஆள் கூடக் கதவில் அடிபடவில்லை. இயக்குநரின் அந்தத் திங்கட்கிழமைப் பேச்சால் ஒரே நாளில் மக்களின் குடிமை உணர்வு நூற்றுக்கு நூறு ஆனதாக மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. இயக்குநருக்குப் பதவி உயர்வு வந்தது. புது இயக்குநர் அறிக்கையைப் படித்துவிட்டு, எல்லாரும் தேறுகிற தேர்வு ஒரு தேர்வா என்று கேட்டுக் கண்ணாடியைப் போடச் சொன்னார். போட்ட மறுநாள் காலை ஒரு செவிலியின் கன்ன எலும்பு உடைந்தது.

அன்று சாயங்காலம் தையல்காரி, நான்கு விரலாலும் பேனாவைப் பிடித்து, தெருவில் உள்ள வீடுகளுக்கெல்லாம் யாருக்கு எந்த நாள் என்று முறை எழுதினாள். முதல் பெயராக வாத்தியார் தன் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கறிக்கடைக்காரரும் ஏஜென்டும் ஒரே நாளை எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அந்தக் கதவில் யாரும் அடிபடுவதில்லை. முறை எளிது. தெற்குச் சுவரில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தால் கதவு மெதுவாகச் சாத்தும். அலுவலகம் தினமும் மாலையில் புதுக் கண்ணாடி போடுகிறது. ஆகவே தினமும் காலையில், பத்து மணிக்கு விசிறி ஓடத் தொடங்குமுன், அன்று முறை வந்து வரிசையில் முதலாவதாக நிற்பவர் ஒரு கல் கொண்டுவர வேண்டும்.